பொம்பளைக்கு எதுக்கு வெயிட்டு?

இன்று காலை திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்தபடி பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா என்னை மறித்தார்.

"இன்னாமே, ஜிம்முல வெயிட்டு தூக்கிகினு கீறியாமே? பொம்பளைக்கு இன்னாத்துக்கு அது? ஆம்பள மாரி ஆயிடுவ."

"நீ இடுப்புல வெச்சுகினு கீறது இன்னாக்கா?"

"இது தண்ணி."

"பதினஞ்சு கிலோ தண்ணி."

வரிசையே சிரித்தது. அக்காவுக்குக் கோபம்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. போன வருடம் அரைக்குடம் தூக்கி, இடுப்பு பிடித்து, பத்து நாள் படுத்துக் கிடந்தேன். ஐந்து மாதத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்தபோது எடைத்தட்டு மாட்டாத பார்பெல்லின் வெறும் கம்பியைத் தூக்கவே திணறினேன். இரண்டாம் மாதம் முப்பது கிலோ தூக்கினேன். ஆனால் ரவிக்கை அளவு மாறவே இல்லை. சதை வளராமல் பலம் மட்டும் எப்படிக் கூடியது என்று பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்டேன்.

"சதை மெதுவாத்தான்க்கா வளரும். கீற சதைய முழுசா வேல வாங்க நரம்பு மொதல்ல கத்துக்கும்" என்றாள்.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்க நேரமில்லை. என் நாற்பது லிட்டர் டிரம் நிறைந்துவிட்டது. காலை அகட்டி, முதுகை நேராக வைத்துத் தூக்கினேன். வாசல்வரை எங்கும் இறக்கவில்லை. இடுப்பும் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மொதல்ல எவ்ளோ வெயிட்டு தருவாங்க?"

"வெறும் கம்பிதான்க்கா."

"சும்மா கேட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஐம்பது கிலோ தூக்கப் போகிறேன். தடுக்க நினைப்பவர்கள் அதற்குமுன் எழுந்து வரவும்.