கழித்தல் மூன்று

என் கணவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஒரு அங்குலம் தப்பினாலும் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி வாழ்நாள் முழுவதும் காணி அளந்தவர். அதே மனிதர் எங்கள் கொக்குவில் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு பலகைத் தட்டு அடித்தால், அதில் வைக்கும் தேயிலைப் போத்தல் இரண்டு நாளில் நகர்ந்து நகர்ந்து ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும்.

"தட்டு சரிவா இருக்கப்பா" என்பேன்.

"தட்டு சரி. சுவர்தான் சரிவு" என்பார்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எனக்குக் கோணங்கள் தெரியும். ஆனால் அந்தச் சுவர் என் சீதனக் காணியில் கட்டின சுவர் என்பதால், மேற்கொண்டு கதைத்தால் பிழை என் குடும்பத்தின் பக்கம் வந்துவிடும். போத்தலைத் திரும்ப நடுவில் எடுத்து வைப்பேன்.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எங்கள் இருவருக்கும் இங்கே இரண்டு வேலைகள். ஒன்று, வீட்டில் அவர் பிரிப்பதும் பூட்டுவதும், நான் குறை சொல்வதும். மற்றது பாடல் ஊழியம். எங்கள் சபையின் பாடகர் குழுவில் பதினொரு பேர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. செவ்வாய்க்கிழமைகளில் நானும் அவரும் மட்டும் ஓட்டோ பிடித்து, தேவாலயத்துக்கு வர ஏலாமல் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாடுவோம். அவர் கீபோர்ட் வாசிப்பார். நான் பாடுவேன். இது எங்களுக்குக் கல்யாணமான காலத்தில் இருந்து உள்ள ஏற்பாடு. அப்போது ஆர்மோனியம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மகள் வந்து நின்றபோது புதிதாக ஒரு கீபோர்ட் வாங்கித் தந்தாள். அவள் விமானம் ஏறின அடுத்த நாளே இவர் அதற்கு ஒரு தாங்கி செய்யத் தொடங்கினார். கடையில் இரும்புத் தாங்கி இருக்கிறதே என்று கேட்டேன். "அது ஆடும்" என்றார். இரண்டு கிழமையாக வாள் சத்தமும் மரத்தூளும். கடைசியில் எழுந்து நின்ற பொருளைப் பார்த்தால் அது மேசையும் அல்ல, தொட்டிலும் அல்ல. போதாக்குறைக்கு, கீபோர்டுக்கு முன்னால், நான் நின்று பாடும் பக்கத்தில், ஒரு முழ உயரத்துக்குப் பலகை ஒன்று நிமிர்ந்து நின்றது.

"உது என்னத்துக்கு?"

"தூசி மறைக்க."

"தூசி என்ரை பக்கத்தாலை மட்டுமோ வரும்?"

"ஓம். வாசல் உந்தப் பக்கந்தானே."

பலகை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நான் அதன்மேல் ஒரு பூவேலைத் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

இந்த இடத்தில் என் பெருமையையும் சொல்ல வேண்டும். அறுபத்தேழு வயதிலும் இருபத்தைந்து வயதில் பாடின அதே சுதியில்தான் பாடுகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினதோடு நிற்கவில்லை. வங்கியில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று எங்கள் குழுவில் இருக்கிறாள். நல்ல குரல். அவளுக்கு ஒருநாள் தடிமன் பிடித்து மேல் சுரம் எட்டவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தொண்டையே இல்லை. என்னைப் பார். நாப்பது வருசமா ஒரே சுதி" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவள் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். கட்டைக் குரலில் பாடுகிற ஓய்வுபெற்ற தபாலதிபர் பெரிதாக இருமினார். அதே தபாலதிபர் இன்னொரு நாள், "அக்கா, இப்ப எல்லாம் எங்களுக்குக் கிணத்துக்குள்ளை இறங்கி நிண்டு பாடுற மாதிரி இருக்கு" என்று முறைப்பட்டார். வயது போனால் அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

போன மார்கழியில் மயிலிட்டியில் ஒரு ஒளிவிழாவுக்கு எங்களைப் பாடக் கூப்பிட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனவ மக்களின் பொது மண்டபம். எல்லாச் சபைகளும் சேர்ந்து கிறிஸ்து பிறந்த நத்தாரைக் கொண்டாடுகிற நிகழ்ச்சி. அங்கே ஒரு கீபோர்ட் இருக்கிறது, அருட்சகோதரி ஒருவர் வாசிப்பார், நீங்கள் வந்து பாடினால் போதும் என்று சொன்னார்கள். எனக்குப் பெரிய ஆறுதல். மழை நாள், அந்தத் தொட்டிலையும் தூக்கிக்கொண்டு வான் வண்டியில் ஏறத் தேவையில்லை.

இவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "எங்கடையைக் கொண்டு போவம்" என்றார்.

"அங்கை ஒண்டு இருக்கெல்லோ."

"அது என்ன நிலைமையிலை இருக்கோ. உப்புக் காத்து."

"அப்ப எங்கடைக்கு மட்டும் உப்புக் காத்துப் பிடியாதோ?"

வான் வாசல் படலையடியில் வந்து நிற்கும் வரைக்கும் இந்தக் கதைதான். ஏறியிருந்த பிறகும் மனிதர் முகம் தெளியவில்லை. வழி முழுவதும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடற்கரையைக் கண்டதும் காற்று மாறும், நீர் தொண்டையைச் சால்வையால் மூடும் என்று இரண்டு தரம் சொன்னார். அவ்வளவு அக்கறையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. தாய்மார் மடியில் குழந்தைகளோடு முன்வரிசையில். தேவதூதராகச் சம்மனசு வேடம் போட்ட சின்னப் பிள்ளைகள் கடதாசிச் செட்டைகளோடு ஓடித் திரிந்தார்கள். கழன்ற ஒரு செட்டையைக் குத்திக்கொண்டிருந்த அருட்சகோதரியிடம் இவர் போய் ஏதோ சொல்வதைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, கீழே, இன்னும் கீழே என்று காட்டினார். சகோதரி வாயில் குண்டூசியோடு சரி சரி என்று தலையாட்டினார்.

எங்கள் முறை வந்தது. முதல் இரண்டு அடிகளையும் குழு பாடும். மூன்றாம் அடியில் நான் தனியே மேலே ஏற வேண்டும். ஏறினேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. நின்றிருந்தாலும் பரவாயில்லை. நிற்பதற்கு முன் "கீச்" என்று ஒரு சத்தம் போட்டது. கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடாவிட்டால் வருமே, அந்தச் சத்தம். அந்த நேரம் பார்த்துக் கீபோர்டின் சத்தமும் மிக மெல்லியதாக இருந்தது. இவர் சுதியைக் குறைக்கச் சொன்னதைச் சகோதரி சத்தத்தைக் குறைக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கீச்சு மண்டபத்தின் கடைசி வாங்கு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

முன்னால் இருந்த இரண்டு சம்மனசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. முன்வரிசையில் இருந்த ஒரு தாய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து முறைத்துவிட்டு, தானே பல்லவியை எடுத்துப் பாடத் தொடங்கினாள். பலமான குரல். மண்டபம் முழுவதும் அவளோடு சேர்ந்துகொண்டது. அதற்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது வானில் எல்லோரும் மிக அன்பாக இருந்தார்கள். "காத்துத்தான்" என்றார் தபாலதிபர். "கடல் காத்து" என்றாள் வங்கிப் பிள்ளை. இவர் பிளாஸ்கில் இருந்து இஞ்சிக் கோப்பி ஊற்றித் தந்தார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் இவர் விறாந்தையில் வாசித்துக்கொண்டிருந்தார். மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டது. நான் வாங்கினால் பழசைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது இவருடைய உறுதியான எண்ணம். ஆகவே கீபோர்டை நிறுத்தாமலே சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலைக்கு ஓடினார். மின்சாரம் வீணாகிறதே என்று நான் எழுந்து போனேன். பலகைக்கு மேலால் எட்டி நிறுத்தும் பொத்தானைத் தேட முடியாமல், முதல்முறையாக அவருடைய கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

கீபோர்டின் சின்னக் கண்ணாடித் திரையில் -3 என்று இருந்தது.

கழித்தல் மூன்றைக் கண்டால் எதில் இருந்து கழித்தது என்று கேட்பது என் தொழில். பக்கத்தில் கூட்டல் அடையாளமிட்ட ஒரு பொத்தான். ஒரு கட்டையை விரலால் அமத்திப் பார்த்தேன். பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு அதே கட்டையை அமத்தினேன். சத்தம் ஒரு படி ஏறியது. கண்ணாடியில் -2. பிறகு -1. பிறகு 0. நாலாம்முறை வந்த அந்தச் சத்தம்தான் மயிலிட்டியில் என்னைக் கைவிட்ட சத்தம்.

பலகை எந்தத் தூசிக்கு என்று விளங்கியது. வெளி வீடுகளில் மனப்பாடமான பாட்டுகளுக்குக்கூட ஏன் பாட்டுப் புத்தகத்தை அவ்வளவு அகலமாக விரித்து வைப்பார் என்பதும் விளங்கியது.

அவர் இரண்டு கையிலும் மீனோடு வந்து நின்றார். "நல்ல விளைமீன்..." என்று தொடங்கினவர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

"அது வந்து... முதல் வருசம் ஒண்டுதான். பிறகு ரெண்டு. போன உயிர்ப்பு ஞாயிறிலையிருந்துதான் மூண்டு."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

அவர் மீனைப் பார்த்தார். "ஆருக்கு... எல்லாருக்குந்தான். கட்டைக் குரல்காரருக்கு முதலிலையே தெரிஞ்சுபோச்சு. அவையளை நான்தான் பொறுத்துக்கொள்ளச் சொன்னனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் பாடுறதை விட்டுப்போடுவீர்."

நான் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அவரோடு கதைப்பதையும் அத்தோடு நிறுத்தினேன். அவர் பொய் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் அடித்த வீம்பை நினைத்தால்தான் உடம்பு கூசியது. பதினொரு பேர் கொண்ட குழுவில் பத்துப் பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம்.

கதைக்காமல் இருக்கிற மனைவியை என்ன செய்வது என்று என் கணவருக்குத் தெரியாது. ஆகவே சுத்தியலை எடுத்தார். முதல்நாள் பின்னேரம் குசினி யன்னல் கொளுக்கி திருத்தப்பட்டது. நான் இரண்டு வருடமாகக் கேட்ட கொளுக்கி. அடுத்த நாள் காலை கிணற்றடிக் குழாயின் சொட்டு நின்றது. மத்தியானம் அலுமாரிக் கதவு மூடியது. எனக்குக் கோபம் உண்மையில் அன்று பின்னேரமே ஆறிவிட்டது. ஆனால் குளியலறைக் கதவு இன்னும் நிலத்தில் உரசிக்கொண்டிருந்தது. அதனால் இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தேன். கதவை இறக்கி, சீவி, திரும்பப் பூட்டிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கோவமோ?"

"கதவு நல்லா இருக்கு" என்றேன். சத்தியமாக, அது நேராகவும் இருந்தது.

அன்று செவ்வாய். பக்கத்து ஒழுங்கையில் என்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். சைவக்காரர். எங்கள் பாட்டுகளைக் கேட்டால் பொழுது போகும் என்று அவரே சொல்லி அனுப்ப, போன மாதமும் ஒருமுறை போய்ப் பாடியிருந்தோம். இவர் அவருடைய கட்டிலோரத்தில் ஒரு மேசையில் கீபோர்டை வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தை எடுத்தார், விரிப்பதா விடுவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"புத்தகம் வேண்டாம். நாலு போடுங்கோ" என்றேன்.

"மூண்டு காணும்."

"எனக்குத் தெரியும். நாலு."

நாலு போட்டார். ஏறவேண்டிய இடத்தில் ஏறுவதற்குப் பயப்படாமல் பாடினது எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை. மூன்றிலும்கூட நான் எட்டிப் பிடித்துத்தான் பாடியிருக்கிறேன். பாட்டு முடிய ரீச்சர் கண்ணைத் திறந்து, "போன மாசத்தைவிட இண்டைக்கு நல்லா இருந்தது. போன மாசம் நீர் பாடேக்கை எனக்கும் சேர்ந்து மூச்சு வாங்கினது" என்றார். இவர் சிரிப்பை அடக்குவதற்காகக் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் நான் எழுந்து நின்று, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று குழுவுக்குச் சொன்னேன். தபாலதிபர் "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னார். வங்கிப் பிள்ளையைக் கூப்பிட்டு மேல் குரலை அவளிடம் கொடுத்தேன். அன்றைக்கு நான் சொன்னதை மனதில் வைத்திருக்க வேண்டாம் என்றேன். "இல்லை அன்ரி, எனக்கு அண்டைக்கு உண்மையாவே தொண்டை இல்லைத்தானே" என்றாள். நல்ல பிள்ளை. இவர் எல்லோருக்கும் முன்னால் பலகையின் ஆணிகளைக் கழற்றினார். அதைக் கழற்றின பிறகு தாங்கி முன்னைவிட அதிகம் ஆடுகிறது.

நான் இப்போது மேல் குரலுக்குக் கீழே போகும் இரண்டாம் குரல் பாடுகிறேன். லேசான வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. நாற்பது வருடம் மேலேயே நடந்து பழகினவளுக்குப் பக்கத்து வழியில் நடப்பது பெரிய பாடு. மூன்றாம் அடி வந்தால் வாய் தன்பாட்டில் மேலே போய்விடுகிறது. இவர் வாசித்தபடியே மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்ப்பார். நான் காணாதவள் மாதிரி முழு அடியையும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.