குகனின் டயர்களுக்குக் காற்று

அந்த ஞாயிறு காலை டூங்கபி ரயில் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் ஐந்து பேரும் சைக்கிளோடு குகனுக்காகக் காத்திருந்தோம். அவர் ரயில் ஓட்டுநர். தாமதமாக வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. "இன்னைக்கு மனுஷனுக்கு டயர் பஞ்சர். ஒருவழியா மாட்டிக்கிட்டார்" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி ரதியிடமிருந்து போன் வந்தது. "அண்ணை, இவர் எழும்பேல்லை" என்றார். தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார் குகன்.

அவரோடு சைக்கிள் ஓட்டியவர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2010இல், நாங்கள் எல்லோரும் டயருக்குள் டியூப் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, சைக்கிளுக்கு டியூப்லெஸ் டயர் வாங்கி வந்தவர் அவர். அதையெல்லாம் நம்ப முடியாது என்றேன். "என்ரை ரெயினுக்கு ரியூப் இருக்கே? பஞ்சராகி நிண்டதெண்டு எப்பவாவது கேள்விப்பட்டனீரோ?" என்றார். என்றைக்காவது அந்த டயர் தன்னை நடுரோட்டில் நிறுத்தினால், எல்லோர் முன்னாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு டியூபுக்குத் திரும்பிவிடுவதாகச் சவால் விட்டார். அந்த நாளுக்காக நான் ஆசை ஆசையாகக் காத்திருந்தேன்.

முதல் டயரை அவர் மாட்டியது குசினியில். ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்வதற்காக உள்ளே ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றுவார்கள். விளிம்பு சரியாக உட்காராமல் டயர் வெடித்து, அந்தத் திரவம் சுவர், அடுப்பு, சட்டி எல்லாவற்றிலும் தெறித்தது. "சொதிக்குத் தேங்காய்ப்பால் காணும். உங்கடை ரயர்ப்பால் வேண்டாம்" என்றார் ரதி. குகன் துடைத்துவிட்டு மறுபடி மாட்டத் தொடங்கினார்.

பென்டில் ஹில் பக்கம் ஒருமுறை கண்ணாடித் துண்டு ஏறி என் டியூப் போனது. மாற்று டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். குகன் தன் சீட்டுப் பையிலிருந்து புது டியூப் ஒன்றை எடுத்து நீட்டினார். டியூப்லெஸ் ஆளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். "இது எனக்கில்லை, உமக்கு." இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

இன்னொரு நாள் அவருடைய பின் டயரே கிழிந்தது. வெள்ளைத் திரவம் பீய்ச்சி, முதுகிலிருந்து ஹெல்மெட் வரை கோடு போட்டது. நில்லுங்கள் என்று கத்தினேன். மனிதர் நிற்கவேயில்லை. தடதடவென்று வீடு வரை ஓட்டிப் போய் இறங்கி, "காத்துக் குறைஞ்சது. பஞ்சரில்லை" என்றார். அவ்வளவு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பிரியமாக யாரோடும் சண்டை போட்டதுமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் ரதி என்னை கராஜுக்கு அழைத்துப் போய், "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை" என்று சைக்கிளைக் காட்டினார். இரண்டு டயரும் தரையோடு தரையாகக் கிடந்தன. இத்தனை காலம் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்தடிச்சுப்போட்டுத்தான் படுப்பார்" என்றார் ரதி. "காத்து நிக்காதாம். உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாமெண்டவர்." அழுதுகொண்டிருந்த இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்த சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் நான் காற்றடிக்கிறேன். பேசாமல் டியூப் மாட்டிவிடலாமே என்கிறாள் என் மனைவி. மாட்டலாம்தான். அவருடைய பையிலேயே எனக்கென்று வைத்த இன்னொன்று இருக்கிறது. ஆனால் மாட்டினால் நான் ஜெயித்துவிடுவேன்.