மூன்றாவது படிவம்

எண்பத்தேழில், நாங்கள் மூன்று பேரும் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாதம் செல்லுபடியாகும் ரயில் சீட்டு வாங்கிக்கொண்டு முதுகுப் பைகளோடு ஐரோப்பாவைச் சுற்றப் புறப்பட்டோம். முதலில் பாரிஸ், அங்கிருந்து வெனிஸ், ரோம். பிறகு கடலோரமாகவே மேலே வந்து மறுபடியும் பிரான்சுக்குள் நுழைந்து, அதன் தெற்குக் கரையில் நாலு நாள் கடல்குளிப்பு. அதோடு லண்டன் திரும்புவது. இந்தத் திட்டத்தைப் போட்டவன் நான்.

மற்ற இருவரில் ஒருவன் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நிந்தவூர்க்காரன். நெல் வியாபாரியின் மகன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் அரிசி என்ன விலை என்று கேட்பவன். மற்றவன் என்னைப் போலப் பக்கத்துக் கல்முனையில் பிறந்தவன், மெதடிஸ்த தமிழ்க் குடும்பம்; அவனைக் கல்முனையான் என்றே கூப்பிடுவோம். தகப்பன் இல்லை, தாய் ஆசிரியை. மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊரில் எங்கள் இருவரின் முஸ்லிம் ஆட்களுக்கும் அவனுடைய தமிழ் ஆட்களுக்கும் இடையில் மனக்கசப்பு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. லண்டனில் ஒரே அறையில் ஒரே சட்டியில் சமைத்துத் தின்ற எங்களுக்கு அது எங்கேயோ தூரத்தில் நடப்பதாகப் பட்டது.

பிரான்சுக்கு விசா எடுக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் கல்முனையான் ஒரு பெட்ரோல் செட்டில் பகல் வேலை செய்துகொண்டிருந்தான். பாஸ்போட்டையும் படங்களையும் என்னிடம் தந்து, "நீயே நிரப்பிக் குடு மச்சான், எனக்கு லீவு தரமாட்டானுகள்" என்றான். வரிசையில் நின்றபடி சுவரில் காகிதத்தை வைத்து மூன்று படிவங்களையும் நிரப்பினேன். எத்தனை தடவை நாட்டுக்குள் நுழைவீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. என்னுடையதிலும் நிந்தவூரானுடையதிலும் இரண்டு என்று எழுதினேன். மூன்றாவது படிவத்தை நிரப்பும்போது வரிசை நகரத் தொடங்கிவிட்டது. அவசரத்தில் ஒன்று என்று எழுதிவிட்டேன்.

பாஸ்போட்டுகள் திரும்பக் கிடைத்த அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து முத்திரைகளைப் பார்த்தபோதுதான், அவனுடையதில் ஒரு தடவை மட்டும் என்று இருந்தது கண்ணில் பட்டது. மறுநாள் காலை நேரத்தோடு போய் வரிசையில் நின்றிருந்தால் மாற்றியிருக்கலாம். காலையில் மழை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். ரயிலுக்குள் சோதிக்க வருகிறவன் இந்தச் சின்ன எழுத்தையெல்லாம் எங்கே வாசிக்கப்போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்முனையானிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி போகச் சொல்வான் என்பதுதான் காரணம்.

பயணம் நன்றாகத்தான் போனது. பூங்கா வாங்குகளில் உட்கார்ந்து, ரொட்டிக் கடையில் வாங்கிய பாணும் தக்காளியும் தின்றோம். வெனிஸில் வழி தவறி ஒரே பாலத்தை மூன்று தரம் கடந்தோம். ரோமில் நிந்தவூரானுக்குச் செருப்பு அறுந்து, புதுச் செருப்பு வாங்கும்வரை வெறுங்காலோடு தேவாலயங்களைப் பார்த்தான். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் கல்முனையான்தான் முன்னால் போவான். பன்றி இறைச்சிக்கு பிரெஞ்சிலும் இத்தாலியிலும் என்ன சொல் என்று பாடமாக்கி வைத்திருந்தான். "இதுல அது இல்லையாம், நீங்க ரெண்டு பேரும் பயப்பிடாமத் தின்னுங்க" என்பான். எங்களுக்கு ஆகாததை அவனும் அந்த மாதம் முழுக்கத் தொடவில்லை. நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ரோமிலிருந்து வடக்கே வந்து, கடலோரப் பாதையில் ஓடும் ரயிலில் ஏறினோம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கண் கூசும் நீலம். எல்லையைத் தாண்டிய முதல் நிலையத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் இரண்டு பேர் ஏறினார்கள். எங்கள் இரண்டு பாஸ்போட்டுகளையும் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்கள். மூன்றாவதில் ஒருவர் விரலை வைத்து நிறுத்தினார். அந்த விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

"என்னமோ பிழையாம். இறங்கட்டாம்" என்றான் கல்முனையான்.

நிந்தவூரான் எழுந்துவிட்டான். "நாங்களும் இறங்குறம்."

"வேணாம்டா. சின்ன விசயமாத்தான் இரிக்கும். நீங்க போய் இடத்தப் புடிச்சி வைங்க. நான் அடுத்த ரயில்ல வாறன்."

நிந்தவூரான் என்னைப் பார்த்தான். நான் அவனுடைய சட்டையைப் பிடித்து இருத்தினேன். "இரு மச்சான், அவன் வந்திருவான்" என்றேன். அது சின்ன விசயமில்லை, அவன் அடுத்த ரயிலில் வரமாட்டான் என்பது அந்தப் பெட்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் இறங்கினால் படிவத்தைப் பற்றிப் பேச்சு வரும் என்ற ஒரே பயம். ரயில் நகர்ந்து சிறிது தூரம் போன பிறகுதான், அவனுடைய பை எங்கள் தலைக்கு மேல் தட்டிலேயே இருப்பதைப் பார்த்தோம்.

நீஸ் நகரத்தில் மலிவான ஒரு விடுதியில் தங்கினோம். அங்கே கடற்கரையில் மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். "நம்மட ஊர்ல இவ்வளவு மணல வெச்சிட்டு இந்தக் கல்லுல வந்து கிடக்கிறமே" என்றான் நிந்தவூரான். எங்கள் கரையில் தோணியும் வலையும் மீன் வாங்குகிறவர்களும்தான். சும்மா படுத்துக் கிடப்பதற்காக யாரும் கடலுக்குப் போவதில்லை. இங்கே ஆணும் பெண்ணும் அரைகுறை உடுப்போடு கிடக்க, முதல் நாள் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் பழகிவிட்டது. கல் குத்தாமல் இருக்கக் கல்முனையானுடைய பையைத் திறந்து அவனுடைய சாரனை எடுத்து விரித்துப் படுத்தேன். பீச் பழம் தின்றேன். குளித்தேன், தூங்கினேன், மறுபடி குளித்தேன்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். நிந்தவூரான் ஒவ்வொரு ரயில் நேரத்துக்கும் நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நான் ஒரு தடவை மட்டும் போனேன். நாலாம் நாள் விடுதியில் ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு, பையையும் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டோம்.

வந்து இரண்டாம் நாள் வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு அவன் எடுத்தான். இத்தாலிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஜெனோவாவில் நிற்கிறானாம். அங்கே பிரெஞ்சு விசா கேட்டால், வசிக்கிற நாட்டில் போய் எடு என்கிறார்களாம்.

"ஒருக்கா மட்டும் போகலாம் எண்டு சீல் குத்திரிக்காண்டா. லண்டன்ல அந்தக் கவுண்டர்ல இரிந்தவன் செஞ்ச வேல. உங்களுக்கு ரெண்டு, எனக்கு ஒண்டு. என்ர தமிழ்ப் பேரப் பாத்துட்டுச் செஞ்சிருப்பான்."

"அவனுகள் அப்பிடித்தான் மச்சான்" என்றேன் நான்.

அவனுடைய மாணவர் விசா அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் வந்து புதுப்பிக்க வேண்டும். எங்கெங்கோ அலைந்து, ஒரு பாதிரியாரின் உதவியால் விமானத்தில் அவன் லண்டன் வந்து இறங்கியபோது இரண்டு நாள் பிந்திவிட்டது. கல்லூரிக் கடிதத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் அந்தப் பைக்குள் இருந்தது. பை என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவன் விமான நிலையத்திலிருந்து போன் எடுத்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். செய்தி கிடைத்து மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் கொழும்புக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். படிப்பு முடிய அவனுக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது.

ஊரில் இந்திய ராணுவம் வந்து நின்ற நேரம். தமிழ் இளைஞன் ஒருவன் தெருவில் நடமாடவே பயப்பட வேண்டிய நாட்களில் அவன் போய் இறங்கினான். உம்மாவின் கடிதங்களில் அவனைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். "அந்தப் புள்ள வீட்டுக்குள்ளயே கிடக்கு" என்று ஒரு தடவை எழுதுவித்திருந்தா.

எண்பத்தொன்பதில் விடுமுறைக்கு ஊர் போனபோது அவனுடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கொட்டில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டான். மெலிந்திருந்தான். அவனுடைய அம்மா, "தம்பி, நீங்களாவது படிச்சி முடிச்சது சந்தோசம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். உண்மையாகவே சந்தோசப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. படிவம், மழை பெய்த காலை, ரயிலில் வாய் திறக்காதது எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டேன்.

அவன் சுண்ணக்கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே கேட்டான். பிறகு, "நிந்தவூரானுக்குத் தெரியுமா?" என்றான்.

"இல்ல."

"எனக்கும் சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாம இரிக்க ஏலாமப் போச்சு மச்சான்."

"ஓம், உனக்கு ஏலாமப் போச்சு" என்றான். "ரெண்டு வருசமா நான் அந்தக் கவுண்டர்ல இருந்தவன ஏசிட்டு இருந்தன். முகம் தெரியாத ஒருத்தன். அது லேசா இருந்திச்சு. இப்ப நான் ஆரை ஏச?"

அம்மா தேநீரோடு வந்தார். அவன் உடனே கதையை மாற்றி, லண்டனில் இப்போது குளிரா என்று கேட்டான். நானும் பதில் சொன்னேன். அம்மா போகச் சொன்னதால் பஸ் நிற்கும் இடம்வரை கூட நடந்து வந்தான். வழியில் மழை பிந்திப்போனது, வேளாண்மை எப்படி என்றெல்லாம் கதைத்தான். பஸ் வந்ததும், "கவனமாப் போ" என்றான்.

லண்டனிலிருந்து மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, பாடசாலை ஒன்றில் தற்காலிகமாக வேலை கிடைத்திருக்கிறது, உன் வாப்பாவைச் சந்தையில் கண்டேன், சுகமாக இருக்கிறார். கீழே பெயர். அந்தக் கடிதத்தில் அவன் என்னை மச்சான் என்று எழுதவில்லை. நிந்தவூரானிடம் நான் இன்றுவரை சொல்லவுமில்லை.