கடலூர்க் கப்பலுக்கு நாற்பது மூட்டை

யுத்தம் முடிந்த மறுவருஷம் தை மாதம், உரித்த நிலக்கடலை நாற்பது மூட்டையை நாலு கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெண்ணந்தூரிலிருந்து கிளம்பினேன். ஆத்தூர் வரை வண்டி, அங்கிருந்து கடலூர்த் துறைமுகத்துக்கு ரயில். நம் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுபோக நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எழுதுவது என் மகள்; எனக்குக் கைநாட்டுத்தான்.

ஆத்தூர்க் கிடங்கிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒன்றரை மைல் ரயில் கிளைப்பாதை உண்டு. யுத்தத்தில் அதை மூடிவிட்டார்கள். முந்தின வருஷம் அந்த ஒன்றரை மைலை மாட்டு வண்டியில் கடந்தபோது ஆற்றில் தண்ணீர் வந்து மூட்டைகள் நனைந்தன. பூசணம் பிடித்த சரக்கு என்று கடலூரில் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு குடும்பத்துக் கடலை அது. பாதையைத் திரும்பத் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் அதே பன்னிரண்டு பேரும் என்னிடமே சரக்கைக் கொடுத்தார்கள். "போன தடவ ஆறு பண்ணுன வேலைங்க அது, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். மறுபடியும் கெட்டால் ஊருக்குள் எப்படி நுழைவது?

திங்கள் விடியலில் புறப்பட்டோம். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மல்லியகரை வழியாக முப்பத்தைந்து மைல். செவ்வாய் சாயங்காலம் ஆத்தூர். மல்லியகரையில் ஓரணாவுக்கு நாலு இட்லி. சட்னி கேட்கக் கேட்க ஊற்றினார்கள்.

புதன் காலை ஏழு மணிக்கே மூட்டைகள் வேகனில் ஏறிவிட்டன. பதினொன்றுக்குள் ஸ்டேஷன் போய்ப் பெரிய சரக்கு ரயிலோடு சேர வேண்டும். வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பிவிடும்.

பாதை திறக்கும் பூஜைக்கு ஊரே திரண்டிருந்தது. நாலு வருஷம் சும்மா கிடந்த தண்டவாளம் துருவேறியிருந்தது. புது வண்டி பூட்டினால் அச்சுக்கு எண்ணெய் விடாமல் பூட்டமாட்டோம். அந்த நினைப்பில், விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்திருந்த பெண்களிடம், "இதுக்கும் கொஞ்சம் தடவுங்க தாயி" என்றேன். ஸ்டேஷனுக்கு ஏறும் மேட்டில், இரண்டு தண்டவாளத்திலும், நாற்பது கெஜத்துக்குச் செக்கெண்ணெய் பூசி மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்.

இஞ்சின் அந்த மேட்டில் ஏறியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு வேகன்களோடு பின்னால் வழுக்கியது. டிரைவர், விருத்தாசலத்துக்காரர், இறங்கி வந்து தண்டவாளத்தை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"யாருய்யா தண்டவாளத்துக்குத் தலைக்கு எண்ணெ வச்சது?"

"நாந்தானுங்க சாமி. அச்சுக்கு ஊத்தற மாதிரின்னு..." என்றேன்.

"அச்சுக்கு ஊத்தணும் பெரியவரே, பாதைக்கு ஊத்தினா வண்டி எதப் புடிச்சி ஏறும்? சரி, எண்ணெ வச்சாச்சு. குளிப்பாட்ட யாரு வராங்க?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். கூட்டத்திலிருந்த ஒரு அம்மா சிரிக்கவில்லை. "இருங்க, வூட்ல அரப்பு இருக்கு" என்று ஓடினார். கொஞ்ச நேரத்தில் தெருவே அரப்புத் தூளும் குடமுமாக வந்துவிட்டது. எண்ணெய் முழுக்குக்குத் தலை தேய்ப்பதுபோல நாற்பது கெஜத்தையும் தேய்த்துக் கழுவினார்கள். நானும் மண்டியிட்டுத் தேய்த்தேன். மேலே ஆற்று மணலைத் தூவச் சொன்னார் டிரைவர்.

"மணி பத்தேகால். இந்தத் தடவ ஏறலேன்னா இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இஞ்சின் முக்கி முனகி மணலை நறநறவென்று அரைத்துக்கொண்டு மேட்டைத் தாண்டியது. அந்த அம்மாவைக் கும்பிடத் திரும்பினேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

நான் பாசஞ்சரில் போனேன். கடலூருக்கு டிக்கெட் இரண்டு ரூபாய்க்கு ஓரணா குறைவு. விருத்தாசலத்தில் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்தில் நம் மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன். தோல் சருகாக உதிர்ந்து காற்றில் பறந்தது. நாற்பதும் படகில் ஏறிக் கப்பலுக்குப் போவதைக் கரையில் நின்று பார்த்தேன்.

போகிறவர்கள் கப்பல் நாளைக் கேட்டுக்கொண்டு, மூன்று நாள் முந்தியே ஆத்தூர் சேருங்கள். கிடங்கிலேயே வேகனில் ஏற்றலாம், ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. எண்ணெயை வண்டி அச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அரப்போடு முதலில் ஓடிவந்த அம்மா யார் என்று விசாரித்து, வெண்ணந்தூரில் பன்னிரண்டு குடும்பம் அவரைக் கும்பிடுகிறது என்று சொல்லுங்கள்.