உறைந்த ஆற்றில் நடந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி

நேற்றுக் காலை தென்காசி ரயில் நிலையத்தில் பத்திரிகைக்கு நான் அனுப்பும் செய்திக் கட்டை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, சங்கரலிங்கம் அண்ணாச்சி காலமானார் என்று போர்ட்டர் சொன்னார். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியிருக்கும் வாரம் இது.

அண்ணாச்சி நில அளவைத் துறையில் பணியாற்றியவர். இளவயதில் லடாக் பக்கம் அனுப்பப்பட்டார். அளவைச் சங்கிலி பிடிக்க உடன் சென்றவர் ஆய்க்குடி சுப்பையா. குளிர்காலத்தில் அங்கே உறைந்த ஆறுதான் பாதை.

"மொதல்ல கரையோரம் பாலாடை கணக்கா படியும். நடு ஆறு கடைசியிலதான் மூடும். மூடினாலும் அடியில தண்ணி ஓடிக்கிட்டேதான் கெடக்கும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஓரிடத்தில் பனிக்கட்டி கண்ணாடிபோலத் தெளிந்து, அடியில் ஓடும் நீர் தெரிந்தது. பக்கத்தில் வெண்பனி முழங்கால் உயரம் குவிந்து கிடந்தது. குவிந்த இடமே கெட்டி என்று கருதிய அண்ணாச்சி, சுப்பையாவை அவ்வழியே போகச் சொன்னார். வெண்பனி கம்பளிபோல் மூடிக்கொண்டு, அடியில் பனிக்கட்டியைத் தடிக்கவிடாது என்பதை உள்ளூர்க்காரர்கள் பிறகுதான் சொன்னார்கள். கால் வைத்ததும் பனி உடைந்து சுப்பையா ஆற்றுக்குள் போனார். கண்ணாடிப் பகுதியின் கீழே இரண்டு உள்ளங்கைகள் நகர்ந்து சென்றதை அண்ணாச்சி பார்த்தார். கடப்பாரையால் இடித்தார். உடையவில்லை.

குளிர்காலம் முடிந்து வெயில் ஏறி, ஆறு வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்தபோது கரையில் காத்திருந்தார். சுப்பையா கிடைக்கவில்லை.

ஊர் திரும்பி, சுப்பையாவின் தங்கை பேச்சியம்மாளிடம் காய்ச்சலில் இறந்தான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய் இருபது ஆண்டுகள் அவரை நிம்மதியாக உறங்கவிடவில்லை.

சென்ற மாதம் என்னை அழைத்தார். "வாரும்வே, ஆய்க்குடிக்குப் போவோம். நீரு பத்திரிகைக்காரரு. நான் எதையாவது முழுங்கினா அங்கனயே நிறுத்தும்."

நிறுத்த வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பேச்சியம்மாள் கேட்டு முடித்தார். பிறகு, "காய்ச்சல்னு சொன்னியளே அண்ணாச்சி. தாகத்தோட போயிருப்பான்னு வருசா வருசம் குத்தாலத்துத் தண்ணியைல்லா படைச்சேன், சில்லுனு" என்றார். அண்ணாச்சி விடைபெற்றபோது அவர் உள்ளே போய்விட்டார்.

நேற்று உடலைக் குளிப்பாட்ட, உறவினர்கள் சிற்றாற்றிலிருந்து குடங்களில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். முதல் குடத்தைச் சாய்க்கும் நேரத்தில் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தார்.

"ஏலே, நில்லு! அதைக் காயவச்சு ஊத்துங்க."

குடம் பிடித்திருந்தவர், "ஏன்க்கா, பொணத்துக்குக் குளிரவா செய்யுது?" என்றார்.

"இவியளுக்குக் குளிரும்லே."

அடுப்பு மூட்டினார்கள். முதல் செம்பைப் பேச்சியம்மாளிடமே கொடுத்தார்கள். அவர் ஊற்றினார். ஆவி எழுந்து அண்ணாச்சியின் முகத்தை மறைத்தது.

அந்தச் சூட்டோடு போங்கள், அண்ணாச்சி.