கப்பலில் இருக்கும் அண்ணன்

என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யைச் சொல்லி, அதையே ஏழு வருடம் பத்திரமாக வைத்துக் காப்பாற்றினாள். நான் கப்பலில் வேலை பார்க்கிறேன் என்பதுதான் அந்தப் பொய்.

தூத்துக்குடியில் இதைவிட வசதியான பொய் கிடையாது. தெருவுக்கு நாலு பேராவது கப்பலுக்குப் போனவர்கள் இருப்பார்கள். ஒன்பது மாதம் ஆள் கண்ணில் படாவிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு முதன்முறை மனச்சிதைவு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது எதிர்வீட்டு அக்கா விசாரித்திருக்கிறாள். அம்மாவின் வாயில் அது தானாக வந்துவிட்டது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டதால் மறுத்துச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை. உண்மையில் நோய் வரும்வரை நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. ஆறு வருடம் தினமும் கப்பல் முகத்தில்தான் விழித்தேன், ஒரு நாளும் ஏறிப் பயணம் போனதில்லை.

தெருவுக்கு உண்மை தெரியாமல் இல்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு மினிபஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் எந்தக் கப்பலில் இருக்க முடியும்? ஆனாலும் நிறுத்தத்தில் பார்த்தால், “லீவா தம்பி?” என்பார்கள். “லீவுதான்க்கா” என்பேன். என் லீவு வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. மரியாதை தெரிந்த தெரு. அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போனது மாத்திரைக்காக அல்ல, வகுப்புக்காக. காதில் பேசிக்கொண்டிருந்தவர்களை மாத்திரை துரத்திவிட்டது. ஆனால் புத்தியின் வேகத்தை அது திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்போது அவர் எங்கே ஆரம்பித்தார் என்பது எனக்கு மறந்திருக்கும். நான் பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார். “இதுக்கு மேல மாத்திரை ஒண்ணும் செய்யாது, பயிற்சிதான்” என்று டாக்டர் மாடி அறைக்கு அனுப்பினார். அங்கே நாங்கள் எட்டுப் பேர். சொல்லித் தந்தவள் மனநலம் படித்த இருபத்தாறு வயதுப் பெண். நாங்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றோம், அறுபது வயதுக்காரர் உட்பட.

முதலில் இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு தாள் நிறைய எண்கள் இருக்கும், ஏழு வருமிடத்தையெல்லாம் அடிக்க வேண்டும். பத்துச் சாமான்களின் பெயரைக் கேட்டுவிட்டு, கால்மணி நேரம் கழித்து ஒப்பிக்க வேண்டும். கன்டெய்னர் நம்பர்களை ஒரு தடவை பார்த்தே மனதில் வைத்திருந்தவன், உளுந்துக்கும் கடுகுக்கும் நடுவில் வந்தது என்ன என்று முழித்தேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. விளையாட்டு என்று நினைத்ததில்கூடத் தோற்றுவிட்டேனே என்று அவமானமாக இருந்தது.

மத்தியானம், மனிதர்களோடு பழகும் பயிற்சி. முகங்களின் படத்தைக் காட்டி என்ன உணர்ச்சி என்று கேட்பாள். படங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஒரு துரை மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எட்டுப் பேரும் கலந்து பேசி அவருக்குப் பல்வலி என்று முடிவு செய்தோம். அது வெறுப்பாம். மறுவாரம் டீச்சர் தன் சொந்தக்காரர்களின் முகங்களைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தாள். அதன்பின் எங்களுக்குப் பாதியாவது சரியாக வந்தது.

அவள் சொல்லித் தந்ததில் எனக்கு அதிகம் உதவியது, முடிவுக்கு வருமுன் நிறுத்துவது. மினிபஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருப்பேன். வேறு இரண்டு காரணமாவது யோசித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்பாள். யோசித்தேன். பெரும்பாலும் அவர்கள் கையில் போன் இருந்தது. என்னை ஒருவரும் பார்க்கவே இல்லை என்று தெரிந்தபோது நிம்மதியும் வந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது.

வேண்டியதைக் கேட்கவும் பயிற்சி உண்டு. முகத்தைப் பார்க்க வேண்டும், என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், அது கிடைத்தால் மனசுக்கு எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். இதை நான் சோடாக் கடையில் செய்து பார்த்தேன். “அண்ணாச்சி, எனக்கு ஒரு பன்னீர் சோடா தர முடியுமா? தந்தால் சந்தோஷமாக இருக்கும்.” அண்ணாச்சி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். “ஏன் தம்பி, என்னைக்கு நான் தரமாட்டேன்னு சொன்னேன்? எதும் வருத்தமா?” வகுப்பில் இதைச் சொன்னதும் டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதன்பின் பயிற்சியெல்லாம் எங்கள் பேச்சிலேயே நடந்தது.

ஐந்தாவது மாதம், வீட்டில் ஒருவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். அறுபது வயதுக்காரர் மருமகளிடம் டீயில் சீனியைக் குறைக்கச் சொல்வதாகச் சொன்னார். நான் எதைக் கேட்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்திருந்தன. இரண்டு தடவையும் என்னை விளாத்திகுளத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வீட்டாரும் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றுதான் போனார்கள். பிறகு யாரிடமோ விசாரித்திருக்கிறார்கள், தகவலே இல்லாமல் போய்விட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “எம்மா, ஞாயித்துக்கெழம அவங்க வரும்போது நான் வீட்டுல இருக்கணும். இருந்தா எனக்குச் சந்தோசமா இருக்கும்.”

கை நின்றது. “இப்படிப் பேச யாருலே சொல்லித் தந்தா?”

“கிளாஸ்ல.”

“நல்லாத்தான் சொல்லித் தாராவ” என்று மறுபடி மீனைக் கழுவ ஆரம்பித்தாள். அவளுக்குக் கோபம் என்று முன்பென்றால் நினைத்திருப்பேன். அது பயம். மகளுக்கு முப்பது ஆகப்போகிறது என்ற பயம். வெள்ளிக்கிழமை சாப்பாடு போடும்போது அவளாகவே சொன்னாள். “இரு. ஆனா கப்பல்லேருந்து லீவுல வந்தவனா இரு.”

சரி என்றேன். அப்போது அது எனக்கு வெற்றியாகத்தான் பட்டது.

வந்தவர்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா அங்கே இரும்புக் கடை வைத்திருந்தார். வாய் நிறையப் பேசுகிற, நல்ல மனிதர். கேசரி வருவதற்கு முன்பே என் பக்கம் திரும்பிவிட்டார். “தம்பி எந்த லைன்ல போறிய?”

அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு மூச்சு நிறுத்தினேன். பிறகு ஆரம்பித்தேன். இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றுவது, உள்ளே வர இடம் கிடைக்காமல் வெளியில் நங்கூரம் போட்டுப் பன்னிரண்டு நாள் காத்துக் கிடப்பது, பர்மாத் தேக்குத் தடி மழையில் நனைந்தால் வரும் வாடை, ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை மூட்டையில் கைவைத்தால் அரிக்கும் அரிப்பு. எல்லாம் கப்பல்காரர்கள் என்னிடம் சொன்னதும், இறங்கும்போது நான் பார்த்ததும்தான். அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். நடுவில் ஒரு தடவை அவரைச் சிரிக்கவும் வைத்தேன். ஏழு வருடத்தில் நான் அவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசியதில்லை.

“எப்பத் திரும்பப் போறிய?” என்றார்.

“அடுத்த மாசம் மாமா. ஒம்பது மாசம் கான்ட்ராக்ட்.”

சரளமாக வந்துவிட்டது. அவர் அம்மாவைப் பார்த்தார். “மண்டபம் ஆவணிலதான் கெடைக்கும். தம்பி இருக்க முடியாதே?”

“அவனுக்கு வேலதான முக்கியம்” என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்டதற்குப் பதில் சொல்லப் பயிற்சி எடுத்திருந்தேன், அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன வரும் என்பதை யோசிக்கவில்லை. என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் வர முடியாது என்று நானே என் வாயால் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர்கள் போனதும் அம்மா எனக்குக் கேசரி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. கண்ணுக்கு லட்சணமாக உட்கார்ந்து, நாலு நாடு பார்த்த கதையைச் சொல்லி, வந்தவர்களைச் சிரிக்கவைத்த ஒரு மகனை அவள் அன்றுதான் பார்த்திருக்கிறாள். அந்தக் கப்பல்காரன்மேல் எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. கேசரியைச் சாப்பிட்டேன்.

“எம்மா, அண்ணன் இல்லாம எப்படி?” என்று தங்கை கேட்டது அடுப்படியிலிருந்து காதில் விழுந்தது.

“ஏளா, அவந்தான சொன்னான். இப்பம் மாத்திச் சொன்னா பொய்யின்னு ஆயிரும்லா.”

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். அறுபது வயதுக்காரர் கைதட்டினார். டீச்சர் தட்டவில்லை. நோயைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் சொல்ல நினைத்தால் எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்க்கலாம் என்றாள். அவளே மாப்பிள்ளையின் அப்பாவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நாலு தடவை சொன்னேன். “மாமா, நான் கப்பலுக்குப் போகல. எனக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. இப்பம் மாத்திர சாப்புடுதேன், நல்லா இருக்கேன்.” நாலாவது தடவை திக்காமல் வந்தது. ஆனால் நிஜமான மாமாவின் நம்பரை ஒரு நாளும் அழுத்தவில்லை. மூன்றாவது வரனும் தகவல் இல்லாமல் போனால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பையை எடுத்துக்கொண்டு விளாத்திகுளம் போனேன். அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது, அவளாலும் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. “ரெண்டு பேரும் நல்லா வந்து சேந்தோம்” என்றாள். அம்மா என்னிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தாள். வீடியோ காலில் யாராவது கூப்பிட்டால் வெள்ளைச் சுவர்ப் பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பத்தரை மணிக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சுவருக்கு ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். போனைப் பிடித்திருந்தது மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் மேளம் கேட்டது.

“தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒங்களுக்குத்தான் குடுத்துவைக்கல. கடல் எப்படி இருக்கு?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உழுது போட்ட கரிசல் காடு. சொட்டுத் தண்ணீர் இல்லை. “அலையே இல்ல மாமா.”

அப்போது பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. அது கத்தினால் சுலபத்தில் நிறுத்தாது.

“ஆட்டுச் சத்தம்லா கேக்கு?”

“சமையலுக்கு வச்சிருக்காங்க மாமா” என்றேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடப் பிறந்தவளின் கல்யாணத்தன்று ஓர் ஆட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று அழுகைதான் முட்டியது.

திரை ஆடியது. தங்கை அவர் கையிலிருந்து போனை வாங்கியிருந்தாள். கழுத்தில் மாலை, அதற்குள் மஞ்சள் கயிறு. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அண்ணே, தாலி கட்டியாச்சு. விளாத்திகுளத்துலேருந்து ஒன்றர மணி நேரந்தான். பஸ் ஏறி வா.”

“ஏளா” என்று அம்மாவின் குரல் எங்கிருந்தோ கேட்டது. தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

“நீ வந்தப் பொறவுதான் நான் சாப்புடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நான் எழுந்து பையைத் திறந்தேன். கல்யாணத்துக்கென்று தங்கை எடுத்துத் தந்த சட்டை அடியில் கசங்கிக் கிடந்தது. அத்தை கம்பை ஊன்றி எழுந்து, இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினாள்.

“அதுக்கெல்லாம் நேரமில்ல அத்த” என்றேன். “அவ சாப்புடாம இருக்கா.”