ரிப்போர்ட் வரும்வரை பேசிய பேச்சு

ரத்தம் எடுப்பது இரண்டு நிமிட வேலை; ரிப்போர்ட் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் லேப் டெக்னீஷியனின் முழுநேர வேலை.

நீங்கள் கிளினிக்கிலோ கவுண்டரிலோ டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னாலோ உட்கார்ந்தவராக இருந்தால் இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. காத்திருக்கிற மனுஷனுக்குக் கருத்து ஊறும். எங்கள் லேப் கர்நாடகத்துக் கோலார் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில், ஒரு மாடிப்படியை ஒட்டி இருந்தது. ஒரு பெஞ்ச், ஒரு தினசரி, ஒரு மின்விசிறி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்து, சுரங்கம் மூடிய வருஷம் வரை அங்கே இருந்தேன். எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊருக்கு நான் வெறும் சிஸ்டர்.

பதினெட்டு

பெங்களூரிலிருந்து புது மெஷின் வந்தது. கூடவே ஒரு கம்ப்யூட்டரும் கர் கர் என்று கத்துகிற பிரிண்டரும். அதுவரை ரிப்போர்ட்டைக் கையால்தான் எழுதுவேன். மெஷினை விற்க வந்தவர், "இனிமே தப்புக்கே இடமில்ல" என்று லேப் நடத்துகிற டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் நம்பினேன். பெஞ்சில் ஒரு வாரமாக அதே பேச்சுதான். கம்ப்யூட்டர் வந்துவிட்டால் ஆபீசில் ஆளே வேண்டாமாம், பேங்கில் ஆளே வேண்டாமாம்.

அந்த வாரம் சர்க்கரை பார்க்க ஆரோக்கியசாமி வந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டை, மேலே இருந்து இன்ஜினால் இயக்கி ரிட்டயர் ஆனவர். பிரிண்டர் துப்பிய தாளைக் கிழித்து, பார்க்காமலே அவர் கையில் கொடுத்தேன். சர்க்கரை பதினெட்டு என்று இருந்தது. பதினெட்டு என்றால் ஆள் நினைவில்லாமல் கிடக்க வேண்டும். இவரோ எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்து, தாளை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இத்த நீங்க பாத்தீங்களா சிஸ்டர்?" என்றார். அவசரமாக வாங்கிப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து ஒருவர், "கம்ப்யூட்டர் தப்பு போடாது, பெரியவருக்குத்தான் உள்ளுக்குள்ள எதுவோ சரியில்ல" என்று அடித்துச் சொன்னார்.

மெஷினின் குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டியிருந்தது. மறுபடி செய்தபோது இருநூற்றுப் பதினாலு வந்தது. முதல் தாளை நம்பி அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "மெஷின நம்பலாம் சிஸ்டர். ஆனா பக்கத்துல ஒரு ஆளு முழிச்சிகினு இருக்கணும். நான் முப்பது வருசம் கேஜ் ஓட்டினவன், அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

போர்டு

பெயர்ப் பலகையில் கன்னடம் மேலே, பெரிதாக இருக்கவேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்து, கடைத்தெரு முழுக்கப் பெயிண்ட் வாசனை அடித்த சமயம். எங்கள் டாக்டரும் போர்டை இறக்கிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டார். பெஞ்சில் மூன்று பேர். போர்டில் பாதியாவது தமிழ் இருக்கணும் என்று ஒரு தமிழ்ச் சங்கத்துக்காரர் கொதித்தார். ஆந்திராப் பக்கத்திலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்கிற வெங்கடம்மா, எங்கள் தெலுங்கை யாருமே கேட்கவில்லையே என்றாள். பங்காருபேட்டைப் பள்ளியில் கன்னடம் சொல்லிக்கொடுக்கும் நாகரத்னம்மா டீச்சர் தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஊசி குத்தினேன். சங்கத்துக்காரர் பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாவதாக வந்த டீச்சர், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து மற்ற இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "போர்டுல யாரு மேல, யாரு கீழன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க. உள்ள ஊசி குத்துனா மூணு பேரும் 'அம்மா'ன்னுதான் கத்துறோம், அதுக்கு டிரான்ஸ்லேஷன் வேணாம்."

இன்னொரு டியூப்

எய்ட்ஸ் பற்றிப் பேப்பரில் வராத நாளே இல்லை என்றிருந்த காலம். சவரக் கடையில் பிளேடு மாற்றச் சொல்லிச் சண்டை போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் பெஞ்சில் பட்டிமன்றமே நடக்கும். ஜாதகத்துக்குப் பதில் இதைப் பாருங்கள் என்பார் ஒருவர். கல்யாணத்துக்கு முன்னால் சந்தேகமா என்று எகிறுவார் இன்னொருவர். பேசியவர்கள் எல்லாருக்கும் கல்யாணம் ஆகிப் பேரன் பேத்தி இருந்தது.

அப்படி ஒரு காலையில் மாணிக்கம் தன் மகள் எஸ்தரோடு வந்தார். சுரங்கத்தில் ஃபிட்டர். என் அருகில் வந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். எஸ்தருக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அவள் இரண்டு வருஷம் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கித் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதால், 'அந்த டெஸ்ட்' எடுத்து அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை வீட்டிலிருந்து எழுதியிருந்தார்கள். "பில்லுல வெறும் ரத்த டெஸ்டுன்னு போடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினார். அவர் எவ்வளவு தாழ்த்தினாலும் எங்கள் லேப் அவ்வளவு சின்னது. பெஞ்சுக்குக் கேட்டுவிட்டது.

எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். நான் ரப்பர் பட்டையைக் கட்டினேன். அப்போது சாதாரணமாக, கடையில் இன்னொரு சோப்பு கேட்பதுபோலக் கேட்டாள்: "இன்னொரு டியூப் எடுத்து வைங்க சிஸ்டர். அவருக்கு."

"அவருக்கா?" என்றார் மாணிக்கம். "மாப்பிள்ள வீட்டப் போயி இன்னா கேக்கறது நாம?"

"அவங்க நம்மளக் கேட்டாங்களேப்பா. அவரும் அதே பெங்களூர்லதான் ரூம் எடுத்துத் தங்கினு இருக்காரு. அவரு குடுத்தா நானும் குடுக்கறேன்."

பெஞ்சில் ஒரு அம்மா, "பொண்ணு சொல்றது நாயம்தானே" என்றார். பக்கத்தில் இருந்தவர், "நாயம் பேசினா கல்யாணம் நடக்காதும்மா" என்றார். நான் பட்டையை அவிழ்த்துவிட்டேன். ரத்தம் கொடுக்காமலே எஸ்தர் எழுந்து போனாள். மாணிக்கம் அவள் பின்னாலேயே போனார். இந்தக் கல்யாணம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

பத்து நாள் கழித்து, பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கிய ஒரு பையன் தனியாக பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். "எஸ்தர் அனுப்பினாங்க" என்றான். மறுநாள் அவளும் வந்து கொடுத்தாள். இரண்டு டியூபும் ஒரே பெட்டியில் பெங்களூருக்குப் போயின. ரிசல்ட்டை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் கூடாது, அதனால் சொல்லமாட்டேன். அந்த மாசக் கடைசியில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது என்பதை மட்டும் சொல்லலாம். ஊசி குத்தும்போது அந்தப் பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது இது: "எங்கம்மா சொன்னாங்கன்னு அந்த லெட்டர எழுதிப் போட்டுட்டேன் சிஸ்டர். எஸ்தர் திருப்பிக் கேட்டப்போதான், எவ்ளோ ஈசியா எழுதிட்டேன்னு உரைச்சுது."

அப்பா இல்லாத ஆடு

வெளிநாட்டில் ஒரு ஆட்டிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஆட்டை உண்டாக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. ஃபேக்டரியில் டர்னர் வேலை பார்க்கும் தாமஸ் அதைப் பெஞ்சுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். இதில் ஆண் ஆட்டுக்கு வேலையே இல்லையாம். கோயில் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர், இது கடவுள் வேலையில் கைவைப்பது என்றார். அந்த ஆட்டுக்கு ஆத்மா உண்டா என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, மூத்திர டெஸ்டுக்குக் கொடுத்த புட்டியைக் கையில் பிடித்தபடியே பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

பெஞ்சின் கடைசியில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து டெஸ்ட் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சீட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். நாலாவது தடவையாகத் தனியாக வந்திருந்தாள். தாமஸ் நல்ல மனசோடுதான் அவள் பக்கம் திரும்பி, "இனிமே உனுக்கு இன்னாம்மா கவலை, சயின்ஸ் எங்கியோ போயிடுச்சு" என்றார். எனக்கு அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிடலாமா என்று இருந்தது.

சரோஜா அந்தப் பேப்பரை வாங்கி, ஆட்டின் படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அப்பா இல்லாமலே குட்டி பொறக்குதாமே சிஸ்டர். அப்ப எங்க வீட்டுக்காரரு டெஸ்டுக்கு வரமாட்டேன்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல."

ஒன்றுமே ஆகாத ஜனவரி

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் பைத்தியம் பிடித்துப் படுத்துவிடும் என்ற செய்தியை எங்கள் ஊர் மனதார நம்பியது. டிசம்பர் கடைசி வாரம் லேபில் திருவிழாக் கூட்டம். மெஷின் ஒழுங்காக இருக்கும்போதே கொலஸ்ட்ரால் பார்த்துவிடலாம் என்று வந்தவர்களைக்கூடப் பார்த்தேன். அதில் மிகப் பெருமையாக உட்கார்ந்திருந்தவர் ஸ்டீபன். அவர் மகன் பெங்களூரில் இரண்டு வருஷமாக அந்தக் கோளாறைச் சரிசெய்கிற வேலையில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு வரமாட்டான். "எம்புள்ள இல்லன்னா ஏரோப்ளேனே விழுந்துடும்" என்பார்.

ஜனவரி வந்தது. விமானம் விழவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் வருஷத்தை 1980 என்று காட்டியது; நான் பேனாவால் அடித்துத் திருத்தினேன். அடுத்த வாரம் ஸ்டீபன் தலை குனிந்து வந்தார். தெருவில் எல்லாரும் கேலி செய்கிறார்களாம். ஒன்றுமே ஆகாததற்கா உன் மகனுக்கு அவ்வளவு சம்பளம் என்று கேட்டார்களாம். "அவனும் போன்ல அழுவாத கொறையாப் பேசறான் சிஸ்டர். ரெண்டு வருசம் சும்மா ஒழைச்சிட்டேனாப்பான்னு கேக்கறான்" என்றார்.

பக்கத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சின்னப்பன். சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் இருக்க மரம் முட்டுக் கொடுக்கும் வேலையில் ஆயுளைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மூச்சு வாங்கும். ஸ்டீபனின் முழங்காலைத் தட்டினார். "நான் மரம் கட்டின எடத்துல ஒரு கல்லுகூட விழல. ஒன்னும் ஆவலியேன்னு என்னையும்தான் கேட்டாங்க. ஒன்னும் ஆவலன்னாதான்யா அது வேல, உம்புள்ள கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

வெளியே நிற்கிற வேலை

சுரங்கம் மூடியபோது லேபுக்கு ஒரு புது வகைக் கூட்டம் வந்தது. உடம்பு சரியில்லாதவர்கள் இல்லை. உடம்பு சரியாக இருக்கிறது என்று சீட்டு வாங்க வந்தவர்கள். பெங்களூரில் எந்த வேலைக்குப் போனாலும் மெடிக்கல் கேட்டார்கள். பெஞ்சில் சூடான விவாதம் என்றால் அந்த வருஷம்தான். கம்ப்யூட்டர்தான் வேலையைத் தின்கிறது என்றது ஒரு கட்சி. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளால்தான் ஊரில் அடுப்பு எரிகிறது என்றது இன்னொரு கட்சி. குரல் உயர்ந்தால் நான் உள்ளே இருந்து, "பிரஷர் பாக்கணும், கத்தாதீங்க" என்பேன்.

அன்றைக்கு துரைராஜ் வந்திருந்தார். இருபத்தாறு வருஷம் சுரங்கத்தில் டிரில் பிடித்த கை. நரம்பு கயிறு மாதிரி தெரிந்தது, எனக்கு வேலை சுலபம். ஐம்பது தாண்டியவருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவர் மனைவி பயந்துகொண்டிருந்தார், ஆனால் கொடுத்துவிட்டார்கள். விடியற்காலை வண்டியில் போய் ராத்திரி திரும்புகிற வேலை. மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போடுவாரா என்று எனக்குத்தான் படபடப்பு. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தூசி இல்லாத வேலைதானே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தபோது பெஞ்சிலிருந்து ஒருவர் அவரையும் விவாதத்துக்கு இழுத்தார். "நீ சொல்லு துரை, கம்ப்யூட்டர் வேலைய எடுக்குதா, குடுக்குதா?" துரைராஜ் சட்டைப்பைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். விளையாட்டாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. "எனக்குக் குடுத்திருக்குதுப்பா. அது ஏசி ரூமுக்குள்ள உக்காந்திருக்கும், நான் கேட்டாண்ட நின்னுகினு யாரும் அத்தத் தூக்கினு போவாம பாத்துக்கணும்."

இத்தனை வருஷத்தில் உலகத்தைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எங்கள் லேபில் இரண்டே பேர். அவர்கள் இருவரும் ஊசியைப் பார்த்ததுமே மயக்கம் போட்டவர்கள்.